சாலை மறியலும் புளித்துப்போன கலனும்

"அறுவடை முடிஞ்ச காளான் பையை என்ன பண்றீங்க?" என்று பயிற்சி அலுவலர் கேட்டதும், கூட்டத்திலிருந்து பதில்கள் பறந்து வந்தன. கொளுத்திவிடுவோம் என்றார் ஒருவர். ஏரிக்கரையில் கொட்டிவிடுவோம் என்றார் இன்னொருவர். பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் இல்லாத நாள் பார்த்து அவர் வரப்பில் தள்ளிவிடுவோம் என்று ஓர் அம்மாள் சொன்னதற்குக் கூரை அதிரச் சிரித்தார்கள்.

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த வகுப்பு அது. திரையில் அழகான படம் காட்டினார்கள். காளான் கழிவிலிருந்து ஓர் அம்புக்குறி நொதிக்குப் போனது, ஒன்று எரிவாயுவுக்கு, ஒன்று உரத்துக்கு. அலுவலர் இளம்பெண். விருந்தாளியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டார். "எல்லாம் இருந்ததும்மா, அம்புக்குறிதான் இல்லை" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பெண் விடவில்லை. பேசினால் காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அப்பா கொத்தனார். வேதியியல் படித்துவிட்டு, தட்டச்சும் படித்துவிட்டு, பார்க்கிற பரீட்சையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. திட்டம் இருக்கும்வரை நானும் இருப்பேன். கண்ணாடிக் குழாய் கழுவவும், காளான் வித்து தயாரிக்கவும், நுண்ணோக்கியை உடைக்காமல் துடைக்கவும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் விவரித்தால் எனக்கே தூக்கம் வரும். சபாபதி சாரிடம் வேலை செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

சபாபதி சார் திருநாவலூர்க்காரர். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் ஊர்ப் பேச்சை விடவே மாட்டார். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். காளான் படுக்கை, மண், மழைத்தண்ணீர், அலுவலகத்துக்கு வந்த புது மேசை, எல்லாவற்றையும். பிறகு அதை நம்மிடம் நீட்டி, "இன்னா சொல்லுது?" என்பார். நாம் ஏதாவது சொல்லியாக வேண்டும். "தெரியலைங்க சார்" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். "சரி, இன்னொரு தபா மோந்து பாரு" என்று அங்கேயே நிற்பார். அந்த நிற்றலைத் தாங்க முடியாமலே நாங்கள் வாசனைகளைப் பிரித்துச் சொல்லப் பழகினோம்.

சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்க்கிறோம். வைக்கோலை வெந்நீரில் முக்கி எடுத்து, பையில் அடுக்கி, வித்து தூவிப் படுக்கையாகக் கட்டினால் வெள்ளைப் பூசணம் அதைத் தின்று காளானாக எழும்பும். சில அறுவடைகள் முடிந்ததும் பை சோர்ந்துவிடும். அந்த மொத்தையைத்தான் எல்லோரும் தூக்கி எறிந்தார்கள். சபாபதி சாருக்கு அந்த மொத்தைமேல்தான் கண். வைக்கோலைத் தின்பதற்குப் பூசணம் சுரந்த நொதிகள் எல்லாம் அதற்குள்ளேயே மிச்சமாகக் கிடக்கின்றன. "சமையல்காரன் போயிட்டான், மசாலா அரைச்ச அம்மி இன்னும் காரமா இருக்குது" என்பார்.

அந்தக் காரத்தை எடுக்கும் வேலை என்னுடையது. பையைக் கிழித்து, பச்சைப் பூஞ்சை பிடித்த பாகத்தை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பழைய சோற்றைப் பிசைகிற மாதிரி மெதுவாகப் பிசைய வேண்டும். அழுத்திப் பிசைந்தால் சேறு கலங்கும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெள்ளைத் துணியில் பிழிந்தால் பால் விடாத டீ நிறத்தில் ஒரு நீர் இறங்கும். அதுதான் நொதிநீர். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைப்போம். வெயில் பட்டால் போச்சு. ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? வடிதாள் துண்டு ஒன்றை அதில் போட்டு இளஞ்சூட்டில் வைப்போம். நொதி உயிரோடு இருந்தால் தாளை அரித்துச் சர்க்கரையாக்கும். பிறகு ஒரு மஞ்சள் கரைசலைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் நீர் செங்கல் நிறமாக மாறும். பக்கத்திலேயே இன்னொரு குழாயில், முன்பே கொதிக்க வைத்த நொதிநீரை வைத்து அதே சோதனையைச் செய்வோம். அது மஞ்சளாகவே நிற்கும். கொதித்தால் நொதி செத்துவிடும். "வெந்த முட்டைய அடைக்கு வெச்சா குஞ்சு வருமா?" என்பது சாருடைய விளக்கம். இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். இப்போது நினைத்தாலும் இருக்கிறது.

இதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோன இடம் கச்சிராயபாளையம். அங்கே தனபாக்கியம் என்பவரும் அவருடைய தெருப் பெண்கள் சிலரும் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டுக் காளான் வளர்த்தார்கள். குத்தகை நிலத்துக்காரக் குடும்பங்கள். வைக்கோலை வெந்நீரில் முக்க விறகு வேண்டும். விறகுக்குக் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போனால் வனக்காவலர் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். இன்னொரு பக்கம் அறுவடை முடிந்த பைகள் மலையாகக் குவிந்து ஈ மொய்த்தன. சாருக்கு இரண்டும் ஒரே கணக்காகத் தெரிந்தது. தனபாக்கியம் வீட்டுப் பின்னால் சாண எரிவாயுக் கலன் ஒன்று கட்டினோம். கிணறு மாதிரி ஒரு தொட்டி, அதன்மேல் கவிழ்த்து வைத்த இரும்புக் குடுவை. உள்ளே வாயு சேரச் சேரக் குடுவை மேலே எழும்பும். சாணத்தோடு பிழிந்து எடுத்த காளான் மொத்தையை நறுக்கிப் போட்டோம். பக்கத்து ஜவ்வரிசி ஆலையில், மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்த சக்கையான திப்பி சும்மாவே கிடைத்தது. அதன்மேல் நொதிநீரைத் தெளித்து மூடி ஊறவைத்து, அதையும் கொஞ்சம் சேர்த்தோம். நொதி நாரை இளக்கிவிடும், கலனுக்கு மெல்லும் வேலை மிச்சம். வாயு வந்தது. அதில் வெந்நீர் கொதித்தது. அந்த வெந்நீரில் அடுத்த படுக்கைக்கான வைக்கோல் முங்கியது.

"காளானு தனக்குத் தானே சோறாக்கிக்குது" என்றார் தனபாக்கியம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், தலைமை அலுவலகத்திலிருந்து வரதன் என்ற அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. குப்பையைக் கிளறுகிற திட்டத்துக்கு எதற்குப் பணம் என்று அவர் கேட்டதாகவும், மூடிவிட்டுத்தான் திரும்புவார் என்றும் பேச்சு. திட்டம் போனால் என் வேலையும் போகும். சார் என்னைப் புது வெள்ளைத் துணி மட்டும் வாங்கி வரச் சொன்னார்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எப்போது பஸ் ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. சில ஊர்களில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அதையெல்லாம் சிரித்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். வரதன் சார் ஜீப்பில் கச்சிராயபாளையம் வந்து இறங்கிய மறுநாள் காலை, சாலை முழுக்கப் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. வந்த ஜீப் திரும்ப வழியில்லை. நாங்களும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். அதிகாரிக்கு ஊரிலேயே இருந்த விருந்தினர் விடுதியில் ஓர் அறை. எனக்குத் தனபாக்கியம் வீடு.

காலையில் கலனைக் காட்டலாம் என்று எல்லோரும் கொல்லைப்புறம் போனோம். தனபாக்கியம் அடுப்புக் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தார். சுடர் வரவில்லை. இன்னொரு குச்சி. ஒரு நீல நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு அணைந்துபோனது. வரதன் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதுதானா?" என்றார்.

சபாபதி சார் கலனிலிருந்து கரைசல் வெளியேறும் வாயில் கையை விட்டு ஒரு கை அள்ளினார். மோந்து பார்த்தார். என் பக்கம் நீட்டினார். அதிகாரி முன்னாலேயே.

"இன்னா சொல்லுது?"

"கள்ளு மாதிரி புளிப்பு வாசனை வருதுங்க சார்."

புளிப்பின் அளவை நிறத்தில் காட்டும் காரத்தாளை நனைத்துப் பார்த்தோம். புளித்துத்தான் போயிருந்தது. கலனுக்குள்ளே இரண்டு கூட்டம் கிருமிகள் உண்டு. ஒன்று தீனியைப் புளிக்க வைக்கும். இன்னொன்று அந்தப் புளிப்பைத் தின்று எரிகிற வாயுவாக்கும். முதல் கூட்டம் வேகமானது, இரண்டாவது கூட்டம் நிதானமானது. தீனி அதிகமானால் புளிப்பு பொங்கி நிதானமான கூட்டத்தை முடக்கிவிடும். யாரோ அதிகம் போட்டிருக்க வேண்டும். சார் திரும்பிப் பார்த்தார். தனபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அதிகாரி வராருன்னு சொன்னீங்க சார். தீ நல்லா பெருசா எரியட்டுமேன்னு திப்பிய ஜாஸ்தியா கொட்டிட்டேன். மேரி தெளிச்சு வெச்ச தண்ணிதான் இருக்குதே, சீக்கிரம் செரிச்சுடும்னு பாத்தேன்."

"அதாம்மா வம்பா பூடுச்சு. தண்ணி அது வேலைய ஒழுங்கா பாத்துடுச்சு, சீக்கிரமா செரிச்சதால சீக்கிரமா புளிச்சுடுச்சு" என்று சார் சிரித்தார். "மூக்கு முட்டத் துன்னுட்டு எழுந்து ஓடுன்னா யாரால முடியும்? பாவம், படுத்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளான் வித்து வந்து இறங்கியிருந்தது. உடனே படுக்கை போடாவிட்டால் கெட்டுவிடும். மழை பெய்ததில் கையிருப்பு விறகும் நனைந்திருந்தது. வெந்நீர் போதாத வைக்கோலில் பச்சைப் பூஞ்சை ஏறினால் அந்தப் பெண்களுக்கு அந்தப் பருவமே போச்சு. போதாததற்கு, மூடுவதற்குக் காரணம் தேடி வந்த மனிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மருத்துவம் என்ன என்பதில் சாருக்குச் சந்தேகம் இல்லை. தீனியை நிறுத்த வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புளிப்பைக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக விட்டால் கிருமிகள் இன்னும் மிரளும். முக்கியமாக, நன்றாக வேலை செய்கிற வேறொரு கலனிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்ற வேண்டும், தயிருக்கு உறை குத்துவது மாதிரி. அப்படி ஒரு கலன் ஊருக்கு வெளியே அணைக்கட்டுப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் இருந்தது. நடுவில் மறியல்.

சாரும் நானும் மாட்டு வண்டியில் ஒரு பீப்பாயோடு கிளம்பினோம். போகும்போது வயல்வழியாகச் சுற்றிப் போய்விட்டோம். திரும்பும்போது பாரத்தோடு சேற்றில் வண்டி இறங்காது, சாலையில்தான் வந்தாக வேண்டும். சாய்ந்து கிடந்த புளியமரத்தின்மேல் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்தார். பெயர் செல்வம் என்று பிறகு தெரிந்தது.

"பீப்பாயில இன்னா?"

"சாணித் தண்ணிங்க" என்றேன்.

"சாணித் தண்ணிய ஊரு வுட்டு ஊரு எடுத்துக்கினு போறீங்களா? யாருகிட்ட கத வுடுறீங்க? சாராயமா?"

சபாபதி சார் இறங்கி மூடியைத் திறந்து, "மோந்து பாரு தம்பி" என்றார். செல்வம் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். மரத்தின்மேல் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். தனபாக்கியம் பெயரைச் சொன்னதும், "எங்க சின்னம்மாதான் அது" என்றார் செல்வம். பிறகு என்னையே பார்த்தபடி கேட்டார்: "உங்க ஆபீசுல உள்ள குந்தி வேலை செய்யறவங்கள்ல எங்க சனம் எத்தினி பேருங்க?"

நான் யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. "உள்ள யாரும் இல்லீங்க. வயல்ல கூலிக்கு வராங்க."

"அதுக்குத்தான் இங்க குந்திக்கினு இருக்கோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் பீப்பாயைத் தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். மூக்கைப் பொத்த ஒருவருக்கும் கை மிச்சமில்லை. மாட்டை அவிழ்த்து வயல்வழியாக ஓட்டிவந்து, வெறும் வண்டியையும் தூக்கிக் கடத்திவிட்டார்கள்.

அதன் பிறகு செய்ததெல்லாம் பொறுமைதான். புளித்த கரைசலில் கொஞ்சத்தை வெளியே எடுத்தோம். பீப்பாய்க் கரைசலை ஊற்றினோம். காலையிலும் மாலையிலும் சுண்ணாம்பு நீர், அதன்பின் காரத்தாள். இரும்புக் குடுவையை இரண்டு பேர் பிடித்து இடமும் வலமும் மெல்லத் திருப்புவோம், உள்ளே கலங்குவதற்காக. சேர்ந்த கெட்ட வாயுவைத் திறந்துவிட்டுவிட்டு மறுபடி காத்திருப்போம். வரதன் சார் முதலில் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். பழைய செய்தித்தாள், புதுசு வர வழியில்லை. படித்ததையே எத்தனை முறை படிப்பது? நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் கலனை நோக்கி நகர்ந்தது. ஒரு கட்டத்தில், "அந்தத் தாளை இப்படிக் கொடும்மா, நிறத்தை நான் பார்க்கிறேன்" என்றார். அதற்கப்புறம் காரத்தாளை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. நான் நொதிநீர் பிழிவதையும் பார்த்துவிட்டு, தானும் ஒரு முறை பிசைந்தார். அழுத்திப் பிசைந்துவிட்டார். சேறாக வந்ததைப் பார்த்து அவரே முகம் சுளித்துக்கொண்டு மறுபடி பிசைந்தார்.

ஒரு நாள் மாலை செல்வம் தன் கூட்டாளிகளோடு வந்தார், தாங்கள் தூக்கிய நாற்றம் என்ன ஆனது என்று பார்க்க. வரதன் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கே தம்பி?"

"பி.எஸ்சி. தாவரவியல்ங்க."

"டிகிரி படிச்சிட்டு ஏன் ரோட்டில மரத்தை வெட்டிப் போட்டுட்டு நிக்கிறே?"

"டிகிரி படிச்சதாலதாங்க நிக்கிறேன்."

வரதன் சார் கையிலிருந்த காரத்தாளைப் பார்த்தார், செல்வத்தைப் பார்த்தார். பிறகு தாளை அவரிடம் நீட்டி, "இது என்ன நிறம், நீ சொல்லு. எனக்கு இந்த வெளிச்சத்துல சரியாத் தெரியல" என்றார்.

செல்வம் வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "பச்சைக்கு வந்துடுச்சுங்க."

புளிப்பு இறங்கிவிட்டது. மறுநாள் காலை குடுவை ஒரு பக்கம் சாயாமல் நேராக, கம்பீரமாக எழும்பி நின்றது. சார் மோந்து பார்த்துவிட்டு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தனபாக்கியம் தீப்பெட்டியைத் திறந்து, மறுபடி மூடினார். "நீங்களே பத்த வைங்க சார்" என்று தீப்பெட்டியை வரதன் சாரிடம் கொடுத்துவிட்டார். சுடர் குப்பென்று பிடித்து வட்டமாக, நீலமாக நின்றது. அதிகாரி சட்டென்று பின்வாங்கியதில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அதைச் சரிசெய்துகொள்ளாமலே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வைக்கோல் வெந்நீரில் முங்கியது. பெண்கள் எல்லோருமாக உட்கார்ந்து படுக்கை கட்டி முடித்தார்கள். அதே அடுப்பில் தனபாக்கியம் கொட்டகையில் இருந்த காளானையெல்லாம் மிளகு போட்டு வறுத்து, குழம்பும் வைத்தார். சந்தைக்குப் போக வழியில்லாத காளான்தான். மறியல் செய்தவர்கள், ஜீப் ஓட்டுநர், அதிகாரி எல்லோருக்கும் கொட்டகை நிழலில் இலை போட்டோம்.

"இன்னாத்துல ஆக்குன சின்னம்மா, புகை வாசமே இல்ல?" என்றார் செல்வம்.

"நீ தூக்கினு வந்தியே, அதுலதான்."

செல்வம் மெல்லுவதை நிறுத்தினார். இலையைப் பார்த்தார். பிறகு, "அப்போ எனக்குத்தான் ஜாஸ்தி போடணும்" என்று இலையை முன்னால் தள்ளினார்.

சாலை திறந்தது. வரதன் சார் கிளம்பும்போது திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நொதிநீர் ஒரு பாட்டில் மட்டும் கேட்டார். மெட்ராஸ் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். தாங்காது, வழியிலேயே கெட்டுவிடும் என்று சபாபதி சார் சொன்னார். அவர் கேட்கவில்லை. ஈரத்துணி சுற்றிய பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். திட்டம் இருக்குமா போகுமா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. நான் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியதும் வேறு வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அலுவலகத் தொலைபேசி அடித்தது. சார்தான் எடுத்தார். மறுமுனையில் வரதன் சார் கத்திய கத்தல் அறைக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"செத்துப்போச்சுய்யா! விழுப்புரம் தாண்டறதுக்குள்ள நாறிடுச்சு. குழாய்ல போட்டா மஞ்சளாவே நிக்குது. நான் இங்க நாலு பேரைக் கூட்டி வெச்சுக்கிட்டு அசிங்கப்பட்டுட்டேன். அந்தப் பொண்ணு கிட்ட இன்னொண்ணு கொடுத்தனுப்பு. ஐஸ்ல வெச்சு அனுப்பு. இனிமே மாசாமாசம் வேணும்!"

சார் தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மேரி," என்றார், "துணியத் தோச்சு எடு. இந்த தபா மெட்ராஸுக்கு உசுரோட போயி சேரணும்."